வடுவும் புண்ணும்: இலண்டன் வாழ் ஈழத்தமிழரிடையே உளநலிவு, மதுப்பாவனை, சமூக ஆதரவு

1. முன்னுரை

இலண்டன் வாழ் ஈழத்தமிழர் நிறுவிய கோயில்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், கலைக்கழகங்கள், வணிகத் தெருக்கள் ஆகியன பற்றி இத்தகைய மாநாடுகளில் பல கட்டுரைகள் படிக்கப்பட்டுள்ளன. 2011 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டனர். இச்சமூகத்தின் கல்வி, தொழில் முன்னேற்றம் உண்மையானது, பெருமைக்குரியது. ஆயின், ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் குரொய்டனிலும் அதே வணிகத் தெருக்களின் பின்னால், பூங்கா இருக்கைகளிலும் பலர் பகிர்ந்து வாழும் வாடகை அறைகளிலும் தனித்திருந்து குடிக்கும் நடுவயது மனிதரைப் பற்றி நாம் எழுதுவதில்லை. பேச நேர்ந்தாலும் "குடிகாரன்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்பதையும், அவ்வரலாற்றை அறியாது வழங்கப்படும் உதவி பல வேளைகளில் உதவியாக அமைவதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. போரும் சித்திரவதையும் இடப்பெயர்வும் விளைத்த உளத்தாக்கம் ஒருபுறமும், மது முதலிய போதைப்பொருட்களின் பாவனை மறுபுறமும் ஒருவரிடத்தே கூடி நிற்கும்போது, அவரை எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இக்கட்டுரையாளர் மருத்துவர் அல்லர், சமூகவியல் பயின்றவர், பல்லாண்டுகளாக இலண்டன் மருத்துவ, சட்ட நிலையங்களில் தொண்டர் நிலையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர். கட்டுரையில் இடம்பெறும் தனிமனித அனுபவம் ஒருவருடையதன்று. பலரது அனுபவங்களின் பொதுக்கூறுகள், எவரையும் இனங்காண இயலாதவாறு, ஒன்றாக இணைத்துத் தரப்பட்டுள்ளன.

2. வருகையின் வரலாறு

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் பெருந்தொகையான ஈழத்தமிழர் பிரித்தானியாவில் தஞ்சம் கோரினர். அதற்கு முன் வந்தோர் பெரும்பாலும் மாணவரும் துறைசார் வல்லுநரும் ஆவர். புதிதாக வந்தோர் உயிர் தப்பி வந்தவர்கள். 1985 இல் இலங்கைக் குடிமக்களுக்கு நுழைவிசைவு கட்டாயமாக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடைகளைக் களைந்து நின்று தம் எதிர்ப்பைக் காட்டினர். அதே ஆண்டில் ஹாரிச் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட ஏர்ல் வில்லியம் என்னும் கப்பல் தஞ்சம் கோரியோரைத் தடுத்துவைக்கும் இடமாயிற்று. அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுந்து சென்றது. கடல் கடந்து வந்தோரின் முதல் நினைவாக எஞ்சியது அடைக்கலம் அன்று. மீண்டும் ஒரு தடுப்புக்காவல்.

இதே காலத்திலேயே ஆதரவு அமைப்புகளும் தோன்றின. ஹெலன் பாம்பர் அம்மையார் 1985 இல் இலண்டனில் நிறுவிய, சித்திரவதைக்குள்ளானோரின் பராமரிப்புக்கான மருத்துவ அறநிலையம் பின்னாளில் "ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்" எனப் பெயர் மாறிற்று. நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் 1986 இல் தோன்றியது. வீட்டுவசதி, குடிவரவு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றிலேயே தமிழ் அமைப்புகளின் உழைப்புப் பெரிதும் செலவாயிற்று. உளநலம் பின்தள்ளப்பட்டது. பசித்தவனுக்கு முதலில் சோறு என்பது போல அதுவும் இயல்பே.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை பிரித்தானியப் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாகத் திரண்டு நின்ற தமிழர்கள், வன்னியில் தம் உறவுகள் மடிவதைக் கைத்தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருந்தனர். போர்க்களத்தில் இல்லாதோரும் அத்தாக்கத்துக்கு ஆளாயினர் என்பது கருதத்தக்கது. போர் முடிந்த பின்னரும் தடுத்துவைப்பும் சித்திரவதையும் தொடர்ந்தன. 2015 இல் ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் வெளியிட்ட அறிக்கை, 2009 மே மாதத்தின் பின் இலங்கையில் நிகழ்ந்த 148 சித்திரவதைச் சம்பவங்களை மருத்துவச் சான்றுகளின் அடிப்படையில் ஆராய்ந்தது.

3. மனவடு: சொல்லும் பொருளும்

ஆங்கில மருத்துவ வழக்கிலுள்ள "ட்ரோமா" என்னும் சொல் கிரேக்க மொழியில் காயத்தைக் குறிப்பது. ஈழத்து உளநல எழுத்துகளில் இதற்கு ஈடாக "மனவடு" என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பும் வடுப்பட்ட மனங்கள் என்றே பொருள்படுகின்றது. 2014 இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்போ வடுப்பட்ட சமூகங்களைச் சுட்டுகின்றது. இவ்விரு தலைப்புகளுக்கும் இடையே ஒரு கருத்து வளர்ச்சி உண்டு. போர் தனிமனித உள்ளத்தை மட்டுமன்றிக் குடும்பம், அயல், ஊர், நம்பிக்கை ஆகிய பிணைப்புகளையும் சிதைக்கின்றது என்பதை அவர் "கூட்டு மனவடு" என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார்.

வடு என்பது புண் ஆறியபின் எஞ்சும் அடையாளம். அச்சொல் அழகியது, ஆயினும் அதிலே ஒரு மயக்கமும் உண்டு. நிகழ்வு முடிந்துவிட்டது, அடையாளம் மட்டுமே எஞ்சியுள்ளது என்ற எண்ணத்தை அது தரக்கூடும். இலண்டனில் பத்தாண்டுகளாகத் தஞ்சத் தீர்ப்புக்குக் காத்திருப்பவருக்கு, காணாமலாக்கப்பட்ட தம்பியின் செய்தியை இன்றும் எதிர்பார்த்திருப்பவருக்கு, அது வடுவன்று, ஆறாத புண். இந்த வேறுபாட்டைத் திருவள்ளுவரும் வேறொரு நோக்கில் சுட்டியுள்ளார். அடக்கமுடைமை அதிகாரத்தில் நெருப்பால் வந்ததைப் புண் என்றும், நாவால் வந்ததை வடு என்றும் பிரித்து, பின்னதே ஆறாதது என்கிறார். தஞ்சம் கோரியோர் அனுபவத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கைக் காட்டலாம். 2011 இல் பிரித்தானியாவில் தஞ்சம் கோரிய ஈழத்தமிழர் ஒருவரின் கையிலும் முதுகிலும் சூடிட்ட தழும்புகள் இருந்தன. நீதிமன்றப் பதிவில் அவர் கே.வி. என்ற முதலெழுத்துகளாலேயே குறிக்கப்படுகிறார். அத்தழும்புகளை அவர் வேண்டியே பிறரைக்கொண்டு இடுவித்துக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டு, அவரது கோரிக்கை மறுக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டை ஏற்று, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. சித்திரவதை பற்றிய மருத்துவ ஆய்வுக்கு வழிகாட்டும் இஸ்தான்புல் நெறிமுறையின் முக்கியத்துவத்தையும் அது வலியுறுத்தியது. கோரிக்கைக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள். தன் உடலே தனக்கு எதிரான சான்றாக வாசிக்கப்படும் எட்டு ஆண்டுகளை ஒருவர் எவ்வாறு கழிப்பார் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இவ்வெண்ணத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஸ்டீல், சிலோவ் முதலியோர் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த 196 தமிழரிடையே நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களது மனவடு அறிகுறிகளில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாயகத்து அனுபவங்களாலும், 14 விழுக்காட்டைப் புகலிட நாட்டு நெருக்கடிகளாலும் விளக்க முடிந்தது எனக் காட்டியது. அதாவது, துன்பத்தின் கணிசமான பகுதி புகலிடத்திலேயே விளைகின்றது. இது கவலைக்குரியது; அதே வேளை நம்பிக்கைக்கும் உரியது. கடந்த காலத்தை எவரும் மாற்ற இயலாது. புகலிட வாழ்வின் நிலைமைகளை மாற்ற இயலும்.

4. மதுவும் நினைவும்

நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுநோய் 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டில் இடம்பெற்றது. மீளமீள வரும் நினைவுகள், கெட்ட கனவுகள், எந்நேரமும் அபாயத்தை எதிர்நோக்கும் விழிப்புநிலை, நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல் ஆகியன இதன் கூறுகள். நீண்டகால, மீளமீள நிகழ்ந்த வன்முறையால் சுயமதிப்பும் உறவுகளும் உணர்வுக் கட்டுப்பாடும் குலைவதை, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடு, சிக்கலான மனவடுநோய் எனத் தனியே பிரித்துக் காட்டுகின்றது.

எனினும் போரின் விளைவு இந்நோய் மட்டுமன்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் போர் முடிந்த சில மாதங்களில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, மனவடுநோயின் அறிகுறிகளை 7 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வை 22.2 விழுக்காட்டினரிடமும், பதகளிப்பை 32.6 விழுக்காட்டினரிடமும் கண்டது. துயரமும் அச்சமும் உறக்கமின்மையுமே பரவலான முகங்கள்.

இத்துன்பத்துக்கு மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும் மருந்து மது. எட்வேர்ட் கான்சியன் 1985 இல் முன்வைத்த "தன்மருத்துவக் கருதுகோள்", போதைப்பொருளை ஒருவர் நாடுவது இன்பத்துக்காக மட்டுமன்று, தாங்கவியலாத உணர்வைத் தணிப்பதற்காகவும் ஆகும் என்கிறது. மது முதலில் உறக்கத்தை விரைவுபடுத்துகின்றது. ஆனால் இரவின் பிற்பாதியில் உறக்கம் குலைகின்றது. கனவுகள் கலவரமாக மீள்கின்றன. விடியலில் நெஞ்சு படபடக்கின்றது. அப்படபடப்பைத் தணிக்க மீண்டும் மது. நாளடைவில் அதே அமைதிக்குக் கூடிய அளவு தேவைப்படுகின்றது. நினைவு மதுவை அழைக்க, மது நினைவை வளர்க்கும் இவ்வட்டத்தில் சிக்கியவரிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது, காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறைத்துக்கொள் என்பதற்கு ஒப்பாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நம்மவரிடையே குடியை நிறுத்துவதற்குக் கோயிலில் சத்தியம் செய்விக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலுள்ள போத்தல்களை உடைத்து, "இன்றோடு சரி" என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. நோக்கம் அன்பே. ஆயின், உடல் மதுவில் தங்கியிருக்கும் நிலையை அடைந்த ஒருவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம், உயிராபத்தும் உண்டு. அத்தகையோர் மருத்துவ மேற்பார்வையில், படிப்படியாக அல்லது உரிய மருந்துகளின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது. கை நடுக்கமும் காலை வியர்வையும் உடையவரைச் சத்தியத்துக்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். இவ்வொரு செய்தி நம் கோயில்களையும் சங்கங்களையும் சென்றடைந்தாலே சில உயிர்கள் காக்கப்படும்.

5. இரண்டு கதவுகளுக்கு இடையே

நாற்பது வயதைக் கடந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். போரின் முடிவின் பின் வந்தவர். தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் நிற்கின்றது. தஞ்சம் கோருவோர் பொதுவாக வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. ஓராண்டு கடந்தபின் அனுமதி கேட்கலாம், அதுவும் குறித்த சில தொழில்களுக்கு மட்டுமே. எனவே பகல் முழுவதும் வெறுமை. இரவு முழுவதும் நினைவு. குடும்ப மருத்துவர் அவரை உளச்சிகிச்சைக்கு அனுப்புகிறார். அங்கே, முதலில் மதுவை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து வருமாறு கூறப்படுகிறது. மதுப்பாவனைச் சேவைக்குச் செல்கிறார். அங்கே, உமது உளநிலை எமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, உளநலப் பிரிவுக்குச் செல்க என்கின்றனர். மூன்றாவது சந்திப்புக்கு அவர் வரவில்லை. கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று பதிவாகிறது. உடன் அமர்ந்து மொழிபெயர்த்த கட்டுரையாளருக்கு அச்சொல்லைத் தமிழில் சொல்ல நா எழவில்லை. ஒத்துழைக்காதது எது என்ற வினா இன்றும் எஞ்சுகிறது.

இவ்வாறு நடைபெறல் வேண்டும் என்று எந்த வழிகாட்டியும் கூறவில்லை என்பதே இதில் வருந்தத்தக்கது. "நைஸ்" எனச் சுருக்கமாக வழங்கும், சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்குமான பிரித்தானியத் தேசிய நிறுவகம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, கடுமையான உளநோயோடு போதைப்பொருட் பாவனையும் உடையோரை, ஒன்றைக் காரணங்காட்டி மற்றதற்கான சேவையிலிருந்து விலக்கலாகாது என்கிறது. அந்நிறுவகமே 2018 இல் வெளியிட்ட மனவடுநோய் வழிகாட்டியும், மதுப்பாவனை ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு சிகிச்சையை மறுக்கலாகாது என வரையறுக்கிறது. இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் 2017 இல் இதை இரு தொடர்களில் சுருக்கிற்று: இது எல்லோருடைய பணி, தட்டும் எந்தக் கதவும் தவறான கதவன்று. ஏட்டில் உள்ள இந்நெறி, மொழி தெரியாத, உரிமை அறியாத, கடிதத்தை வாசிக்க அஞ்சும் மனிதரை எட்டுவதற்கு இடையில் ஒருவர் தேவைப்படுகிறார்.

6. மனவடு உணர்ந்த அணுகுமுறை

இவ்விடத்தில்தான் மனவடு உணர்ந்த அணுகுமுறை பொருள் பெறுகின்றது. மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகியோர் 2001 இல் இக்கருத்தைச் சேவை அமைப்புகளுக்குரிய நெறியாக வகுத்தனர். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு நிருவாகம் 2014 இலும், பிரித்தானிய அரசு 2022 இலும் இதற்கு வரையறை தந்தன. இது ஒரு சிகிச்சைமுறை அன்று. வருகின்ற எவரும் மனவடு உடையவராக இருக்கலாம் என்பதை உணர்ந்து, வரவேற்பறை முதல் கடிதம் எழுதும் முறைவரை ஒழுங்கமைத்து, மீண்டும் புண்படுத்தாதிருத்தலே இதன் சாரம். பாதுகாப்பு, நம்பகம், தெரிவு, கூட்டுழைப்பு, ஆற்றல் தருதல், பண்பாட்டுணர்வு என்னும் ஆறும் பிரித்தானிய வரையறையின் கொள்கைகள். இவை தமிழ்ச் சூழலில் எவ்வடிவம் பெறும் என்பது இனி நோக்கற்பாலது.

பாதுகாப்பு என்பது கதவும் பூட்டும் மட்டுமன்று. ஈழத்தமிழர் இருவர் சந்திக்கையில் முதலில் எழும் வினா, "ஊரிலே நீங்கள் எவ்விடம்?" என்பது. அன்பான வினா, ஆயின் அதன் விடையிலே ஊரும் குலமும் உறவும், சில வேளைகளில் அரசியல் சார்பும் வெளிப்பட்டுவிடும். விசாரணைக் கூடங்களில் அதே வினாவை வேறு குரலில் கேட்டவருக்கு அது அன்பாகத் தோன்றாது. ஆதரவு நிலையமொன்றின் தொண்டர் அவ்வினாவைக் கேளாதிருத்தலே பாதுகாப்பின் முதற்படி. தேநீர் கொடுத்து, வெளியேறும் வழி எது என்பதைக் காட்டி, அவர் விரும்பும் இருக்கையில் அமரவிடுதல் இரண்டாம் படி.

நம்பகம் என்பது இரகசியம் காத்தலில் தங்கியுள்ளது. சிறிய சமூகத்தில் செய்தி விரைவிற் பரவும். மொழிபெயர்ப்பாளர் தன் மைத்துனரின் நண்பராக இருக்கக்கூடும் என்ற அச்சத்தால் வாய் திறவாதோர் பலர். வேறு நகரிலிருந்து தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைப் பெறுதல், பெயரைக் கூறாதிருக்கும் உரிமை, மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா என்பதில் தெரிவு ஆகியவற்றை வழங்குதல் வேண்டும். பெண்கள் திறத்தில் இது இன்னும் முக்கியமானது. பாலியல் வன்முறையின் நினைவை மாத்திரைகளால் அடக்கும் பெண், குடிக்கும் ஆணைப் போல் தெருவில் காணப்படுவதில்லை. ஆதலால் கணக்கிலும் வருவதில்லை.

தெரிவு, கூட்டுழைப்பு, ஆற்றல் தருதல் ஆகிய மூன்றும், எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவரே தீர்மானிப்பதில் அடங்கும். ஜூடித் ஹெர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார்: பாதுகாப்பை நிலைநாட்டல், நினைவுகூர்ந்து துயர்காத்தல், மீண்டும் வாழ்வோடு இணைதல். முதற்கட்டம் அமையாமல் இரண்டாவதைத் தொடுதல் தீங்காகும். லிசா நஜாவிட்ஸ் 2002 இல் வெளியிட்ட "பாதுகாப்பை நாடல்" என்னும் வழிமுறை, மனவடுவையும் போதைப்பாவனையையும் ஒருங்கே, கடந்தகால விவரங்களைக் கிளறாமல், இன்றைய வாழ்வைச் சமாளிக்கும் திறன்களின் வழியே அணுகுகின்றது. நம் சமூக அமைப்புகள் செய்யக்கூடிய பணி பெரும்பாலும் இம்முதற்கட்டத்தைச் சேர்ந்ததே.

7. மொழியின் பங்கு

பண்பாட்டுணர்வு என்னும் கொள்கை தமிழாய்வாளருக்கு நேரடியாக உரியது. யாழ்ப்பாண வழக்கில் "எனக்கு ஒரே யோசனை" என்று ஒருவர் கூறினால் அவர் சிந்தனையைக் குறிக்கவில்லை. ஓயாத கவலையைக் குறிக்கிறார். அதைச் சிந்தனை என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் மருத்துவரின் குறிப்பில் நோய் மறைந்துவிடும். "வெறியில் இருந்தனான்" என்பது ஈழத்தில் மது மயக்கத்தைச் சுட்டும். தமிழகத்து மொழிபெயர்ப்பாளர் அதைக் கொடுஞ்சினம் எனக் கொள்ள வாய்ப்புண்டு. அத்தவறு ஒருவரை அபாயமானவர் என்ற பட்டியலிற் சேர்த்துவிடலாம். தலைக்குள் சூடு, நெஞ்சு அடைப்பு, உடம்பெல்லாம் எரிவு என உடல்வழியே உரைக்கப்படுவன பொய்யல்ல, மிகையுமல்ல. "விசர்" என்ற சொல்லின் இழிவுக்கு அஞ்சுவோர் துயரத்தைச் சொல்லும் வழி அது.

அதுபோலவே "குடிகாரன்" என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக "மதுப்பாவனையால் துன்புறுபவர்" என்பது வெறும் நாகரிகம் அன்று. முன்னது ஆளை முடிவு செய்கிறது. பின்னது நிலைமையைச் சொல்கிறது. நிலைமை மாறக்கூடியது. ஈழ, தமிழக வழக்குகள் இரண்டையும் தழுவிய உளநலச் சொற்றொகுதி ஒன்றை மொழிபெயர்ப்பாளருக்கென உருவாக்குதல் இத்தகைய மாநாடுகள் ஏற்கத்தக்க பணியாகும்.

8. உழைச்செல்வான்

திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. குடியைக் கண்டிக்க நம் மேடைகளில் முதலாவது அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. மூன்றாவது அந்த வேளையில் நினைவுக்கு வருவதில்லை. அவ்வதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் எண்ணுகிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்யும் உழைச்செல்வான். இலண்டனில் முதல் மூன்றும் உள்ளன. நான்காவது கூறே குறைவு. சமூக ஆதரவு என்று இக்கட்டுரை சுட்டுவது அதனையே.

முற்கூறிய மனிதரின் வாழ்வில் மாற்றம் தொடங்கியது சிகிச்சை அறையில் அன்று. தாமும் ஒரு காலத்தில் குடித்து மீண்ட முதியவர் ஒருவர், வாரந்தோறும் அவரை வாசலில் சந்தித்து, பேருந்தில் உடன் சென்று, காத்திருப்பு அறையில் பேசாது அமர்ந்திருந்தார். உள்துறை அமைச்சிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்து வாசித்தார். குடித்திருந்த நாளிலும் வருகையை மறுக்கவில்லை. சில மாதங்களின் பின் அவர் உளச்சிகிச்சையில் சேர்க்கப்பட்டார். குடி முற்றாக நின்றுவிடவில்லை, குறைந்தது. ஆயினும் மூன்றாவது சந்திப்புக்கு வந்தார், நான்காவதற்கும் வந்தார். அறிக்கைகளில் இது வெற்றியாகப் பதியப்படாமற் போகலாம். அவரது வாழ்வில் அது திருப்பம்.

இவ்வணுகுமுறைக்கு எல்லைகளும் உண்டு. இலண்டன் உளமருத்துவர் டெரெக் சமர்ஃபீல்ட் 1999 இல் எழுதிய கட்டுரையில், போருக்குள்ளான மக்களின் துயரத்தை நோயாக மட்டும் காணும் மேலைப் பார்வையை வன்மையாகக் கண்டித்தார். நீதியையும் வாழ்வாதாரத்தையும் வேண்டுவோருக்கு உளவளத்துணையை மட்டும் அளித்தல் போதாது என்னும் அவரது வாதம் இன்றும் பொருந்தும். குடிப்போர் யாவரும் சித்திரவதைக்குள்ளானோர் அல்லர். போரைக் கண்டோர் யாவரும் நோயாளரும் அல்லர். மேலும், ஒருவரது மனவடு அவரது மனைவியும் மக்களும் அடிபடுவதற்கு நியாயமாகாது. வரலாற்றை அறிதல் வேறு. வன்முறையைப் பொறுத்தல் வேறு. குடும்பத்தின் பாதுகாப்பும் ஆதரவின் முதற்கொள்கையுள் அடங்கும்.

9. முடிவுரை

புகலிடத்தில் மதுவோடு போராடும் தமிழரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, "ஏன் இப்படிக் குடிக்கிறீர்?" என்பது. மனவடு உணர்ந்த அணுகுமுறை அதற்கு முன் வேறொரு வினாவை வைக்கிறது: உமக்கு என்ன நேர்ந்தது? அதற்கும் முன்னர் கேட்கத்தக்க எளிய வினா ஒன்று உண்டு என்பது இக்கட்டுரையாளரின் அனுபவம்: உம்முடன் யார் வருகிறார்?

கோயில்களும் சங்கங்களும் பழைய மாணவர் ஒன்றியங்களும் கொண்ட இச்சமூகத்துக்கு ஆள்வளம் குறைவன்று. ஒவ்வொரு அமைப்பும் தன் தொண்டர் இருவருக்கு இரகசியம் காத்தலிலும், மது நிறுத்தத்தின் அபாய அறிகுறிகளை அறிதலிலும், சேவை மறுக்கப்படும்போது வழிகாட்டிகளைச் சுட்டி வாதாடுதலிலும் பயிற்சி அளிக்குமாயின், இரண்டு கதவுகளுக்கு இடையே நிற்பவர் தனித்து நிற்கமாட்டார். புண் வடுவாவதற்குக் காலம் வேண்டும். அக்காலம் முழுவதும் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.